ஒரு கால் ஓர் ஆயுளுக்குப் போதுமா?

தாணே பக்கம் யாராவது லோக்கல் ரயிலில் இருந்து விழுந்து காலை இழந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "உயிர் தப்பியதே பெரிசு. ஜெய்ப்பூர் கால் சும்மாவே போட்டுவிடுவாங்க, ரயில்வே பணம் தரும், அதோட செலவு முடிஞ்சுது." 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே கதவோரம் நின்று போனவர்கள் தண்டவாளத்தில் விழுந்த போதும் இதே பேச்சைக் கேட்டேன். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் நம்பிய குடும்பம் ஐந்தாம் வருடம் தவித்து நிற்கும்.

சும்மா கிடைக்கும் காலையே எடுத்துக்கொள்வோம். 1968 வாக்கில் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் காலில் எனக்குக் குறை இல்லை. சம்மணம் போடலாம், வெறுங்காலோடு நடக்கலாம், மழைத் தண்ணீரில் இறங்கலாம். ஆனால் அதுவும் தேயும், வெடிக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டமே 3 ஆண்டு கழித்து மீண்டும் உதவி கேட்கலாம் என்கிறது; வளரும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. ஒரே கால் போதும் என்றால் அந்த விதியே வந்திருக்காது.

பாதத்தை விட அதிகம் படுத்துவது சாக்கெட், அதாவது மிஞ்சிய காலை நுழைக்கும் கூடு. அறுவைக்குப் பின் முதல் வருடத்தில் வீக்கம் வடிந்து சதை சுருங்கும். அளவெடுத்துச் செய்த சாக்கெட் தொளதொளத்துத் தோலை உரசிப் புண்ணாக்கும். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண் மீதிக் காலையும் கேட்கும். உள்ளே மாட்டும் சிலிக்கோன் லைனர் வருடத்துக்கு ஒன்றாவது போகும். பழுது பார்க்க ஹாஜி அலியில் உள்ள மத்திய அரசு மறுவாழ்வு நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்றால் தாதரில் வண்டி மாறி மகாலட்சுமியில் இறங்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று, கூட வருகிறவர் கூலியும் போயிற்று. 25 வயதில் கால் போனவர் 70 வரை வாழ்ந்தால், 5 ஆண்டுக்கு ஒன்று என்றாலும் 9 கால்கள், 45 லைனர்கள்.

ரயில்வே பணம்? 2017 முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம், உறுப்பிழப்புக்கு அட்டவணைப்படி. அந்த அட்டவணை வயதைப் பார்ப்பதில்லை. 20 வயதுப் பையனுக்கும் 60 வயதுக்காரருக்கும் ஒரே தொகை. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவருக்குப் பெரும்பாலும் அதுவும் கிடைக்காது.

சாலை விபத்தில் நிலைமை வேறு, அங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். இறுதித் தீர்ப்புக்குப் பின் மருத்துவச் செலவுக்கென்று மறுபடி இழப்பீடு கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. வரப்போகும் செலவெல்லாம் முதல் வழக்கிலேயே கணக்கில் ஏற வேண்டும். 2022 டிசம்பரில், அரசுப் பேருந்து விபத்தில் 37 வயதில் காலை இழந்தவருக்கு, ஆயுளில் 3 செயற்கைக் கால்கள் வாங்கவும் 70 வயது வரை பராமரிக்கவும் போதுமான தொகை தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே வழக்குப் போடும் முன்பே, கால் செய்து தருகிறவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இந்தக் கால் எத்தனை வருடம் வரும், சாக்கெட் எப்போது மாற்ற வேண்டும், லைனர் என்ன விலை, வருடப் பராமரிப்பு எவ்வளவு. அவரைச் சாட்சியாகவும் அழைக்கச் சொல்லி வக்கீலிடம் வற்புறுத்துங்கள்.