தீண்டாச்சேரிக்கு வயசு என்ன?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே இராசராசன் வெட்டி வைத்த கல்வெட்டுகளும் இருக்கின்றன. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் கணக்கு அது. எந்த நிலத்துக்கு வரி உண்டு, எதற்குக் கிடையாது என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வரி கிடையாத இடங்களில் ஊர் நத்தம் வருகிறது, கோயில் வருகிறது, குளமும் வாய்க்காலும் சுடுகாடும் வருகின்றன. கூடவே பறைச்சேரி வருகிறது. தீண்டாச்சேரியும் வருகிறது.

'சேரி' என்பது அப்போது கேவலமான சொல் இல்லை. பிரமதேயங்களில் பார்ப்பனர் குடியிருந்த பகுதிக்கும் சேரி என்றுதான் பெயர். அவர்கள் அந்தச் சொல்லை எப்போதோ நம் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் 'தீண்டா' என்ற அடைமொழி மட்டும் முதல் நாளிலிருந்தே நமக்குத்தான்.

1987இல் இந்தக் கோயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆக, தீண்டாச்சேரி என்ற சொல் வெட்டப்பட்ட கல் இன்றைக்கு உலகத்துக்கே சொந்தம். அதற்குக் காவல் உண்டு, பராமரிப்பு உண்டு. அந்தச் சொல் குறிக்கிற இடத்துக்கு? கல்வெட்டில் ஆயிரம் வருசமாக இருக்கிற ஒரு குடியிருப்பு, பாரம்பரியப் பட்டியல் எதிலும் ஒரு வரியாகக்கூட ஏன் வரவில்லை? 'அது வெறும் குடிசைதானே' என்பீர்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1958ஆம் ஆண்டுச் சட்டம் நூறு வயசு ஆகியிருக்க வேண்டும், வரலாற்று மதிப்போ கலை மதிப்போ இருக்க வேண்டும் என்கிறது. கட்டடம், கல்வெட்டு, குகை, புதைகுழி மேடு எல்லாம் அதன் வரையறைக்குள் வருகின்றன. குடிசை கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. மதிப்பு எது என்று முடிவு பண்ணுகிற கண்ணிலேயே அந்த விலக்கு இருக்கிறது. 1923இல் ஜான் மார்ஷல் தொல்லியல் துறைக்கு எழுதிக் கொடுத்த கையேட்டின் காலத்திலிருந்து, நினைவுச் சின்னம் என்றால் கோயில், கோட்டை, மசூதி, சமாதி. ராசா கட்டியது, இல்லாவிட்டால் சாமிக்குக் கட்டியது. கட்டினவன் பேர் கல்லில் இருக்கும். கல் சுமந்தவன் பேர் இருக்காது.

ஒரு கருத்தரங்கில் பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைப்பது பற்றி ஒருவர் அருமையாகப் பேசினார். சிமெண்டு பூசக்கூடாது, சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரில் அரைத்துப் பூச வேண்டும் என்றார். சரியான பேச்சுதான். சிமெண்டு மூச்சு விடாது, உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பழைய செங்கல்லைத் தின்றுவிடும். எங்கம்மா சித்தாளாகக் காலம் தள்ளினவள், சுண்ணாம்பு தின்ற கையோடுதான் எனக்குச் சோறு போட்டாள். அதனால் எழுந்து கேட்டேன்: 'அந்தச் சாந்தை அரைக்கிறவங்க வீடு எந்தப் பட்டியல்ல சார் வருது?' சிரித்தார். அடுத்த படத்தைப் போட்டுவிட்டார்.

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கையில் இருக்கிற கருத்துகளை நாம் கண்டுகொள்ளாமல் இருக்கிறோமே, அதற்காகத்தான் எழுதுகிறேன். 'பாரம்பரியம்' என்றாலே பார்ப்பனியம், தூக்கி எறி என்று நம்மில் பலர் போய்விடுகிறோம். அந்தக் கோபம் நியாயம். ஆனால் அந்தத் துறைக்காரர்கள் வேதம்போல் மதிக்கிற ஆவணங்களைப் படித்துப் பார்த்தால், அவர்கள் செய்வதற்கு எதிராகவே அவை பல இடங்களில் பேசுகின்றன.

1964இன் வெனிஸ் சாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர். அவர்களே முதல் விதியில் என்ன சொன்னார்கள்? பெரிய கலைப்படைப்புகள் மட்டுமல்ல, காலப்போக்கில் பண்பாட்டு முக்கியத்துவம் பெற்ற எளிய கட்டடங்களும் நினைவுச் சின்னங்களே என்றார்கள். இந்த வரியை நம்மூர்ப் பட்டியல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகிறார்கள்.

அடுத்தது 'மெய்த்தன்மை'. பழைய பொருள் அப்படியே இருந்தால்தான் அது அசல் என்பது கல்கட்டடக்காரனின் வாதம். மரமும் புல்லும் வைத்துக் கட்டுகிற சனங்கள் என்ன செய்வார்கள்? 1994இல் சப்பானில் நாரா நகரத்தில் கூடி இதைத்தான் விவாதித்தார்கள். பொருளை மட்டும் பார்க்காதே, வடிவம், பயன்பாடு, கட்டும் நுட்பம், இருக்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார், அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் பார் என்று முடிவு செய்தார்கள். இந்தப் பேச்சில் எப்போதும் வருகிற உதாரணம் ஈசே கோயில். இருபது வருசத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். 2013இல் 62ஆவது தடவையாகக் கட்டினார்கள். அந்தக் கோயிலின் கூரை என்ன தெரியுமா? புல் வேய்ந்த கூரை!

புல்லுக்கூரையைப் பிரித்துப் பிரித்து வேய்ந்தால் சப்பானில் ஆயிரத்து முந்நூறு வருசத் தொடர்ச்சி. அதையே ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருதரம் கீத்து மாத்தி, மண்சுவரில் சாணி மெழுகிச் செய்தால் இங்கே புறம்போக்கு ஆக்கிரமிப்பு.

'உங்களிடம் என்ன இருக்கு காட்ட?' என்று கேட்கிறவர்களை மொரீசியசுக்கு அனுப்ப வேண்டும். போர்ட் லூயி துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்று ஓர் இடம். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை இறக்கின தீவு அது. பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனவர்கள். சென்னையில் கப்பலேறின தமிழர்களும் அதில் உண்டு, அவர்களில் நம்மவர்களும் உண்டு. கப்பலிலிருந்து ஏறி வந்த கல்படிக்கட்டு, அடைத்து வைத்த கொட்டடி, கக்கூசு இவற்றின் மிச்சம்தான் அங்கே இருப்பது. மொத்தம் 1,640 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் நாற்பது சென்ட். கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை. 2006இல் உலகப் பாரம்பரியம் ஆகிவிட்டது. நம் பாட்டன் பாட்டி கூலியாக மிதித்த படி அங்கே சின்னம். அவர்கள் எந்தச் சேரியிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கிளம்பினார்களோ, அந்தச் சேரி இங்கே ஒன்றுமில்லை.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

நாரா சொன்ன அளவுகோல்களை ஒரு தமிழ்க் கிராமத்தில் வைத்துப் பாருங்கள். வடிவம், இருக்குமிடம், பயன்பாடு எதுவும் மாறாமல் அசலாக இருப்பது எது? கோயிலைப் புதுப்பித்துவிட்டார்கள். ஓட்டு வீடு மாடி வீடாகிவிட்டது. மாறாமல் இருப்பது ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்கிற வரைபடம்தான். சுடுகாட்டுப் பாதைகூட இன்னும் பல இடங்களில் ரெண்டுதான். இதைவிட 'மெய்த்தன்மை' உள்ள பாரம்பரியம் தமிழ்நாட்டில் வேறொன்று இருக்கிறதா?

இந்த இடத்தில்தான் 'வாழும் மரபு' என்ற சொல்லைக் கண்டு எனக்குப் பயம் வருகிறது. கட்டடத்தை மட்டுமல்ல, அதோடு ஒட்டிய சடங்கையும் வழக்கத்தையும் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. திருவிழா வழக்கம் என்றால் முதல் மரியாதை யாருக்கு, தேர்வடம் யாருக்கு, பறையடிப்பது யார் தலையில் என்பதெல்லாம் சேர்ந்ததுதானே வழக்கம்? சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கிப் போட்டு உடைத்த நம் ஊர்கள் எத்தனை! அவர்கள் பாரம்பரியத்தை அழித்தவர்களா? அதே பறையை மேடையில் விடுதலைக் கலையாக அடிக்கிற நம் பிள்ளைகள் பாரம்பரியத்தைக் காத்தவர்களா? ரெண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள் என்பேன். அடிக்கச் சொல்லும் அதிகாரத்தை ஊரிடமிருந்து பிடுங்கினார்கள்.

இதற்கும் அவர்கள் ஆவணத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. தொட்டுணர முடியாத பாரம்பரியம் பற்றி யுனெஸ்கோ 2003இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 2005இல் இந்தியாவும் அதை ஏற்றது. அதன் இரண்டாம் விதி, மனித உரிமை ஆவணங்களோடும், சமூகங்களுக்கிடையே பரஸ்பர மரியாதையோடும் ஒத்துப்போகிற மரபுகள் மட்டுமே கணக்கில் வரும் என்கிறது. மட்டுமே! நம் மாணவர்கள் இதை மனப்பாடம் பண்ண வேண்டும். 'காலங்காலமா நடக்குதுங்க' என்று எவனாவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே இதை நீட்டலாம்.

ஆக, சாட்சியாகக் காப்பாற்றுவது ஒன்று. வழக்கமாகக் காப்பாற்றுவது வேறொன்று. இந்த ரெண்டையும் பிரிக்காமல் பேசுகிறவன், தெரிந்தோ தெரியாமலோ, சாதிக்குச் சுண்ணாம்பு பூசுகிறான்.

உத்தப்புரத்துக்கு வருவோம். 1989 மோதலுக்குப் பிறகு நம் குடியிருப்பைத் துண்டித்து எழுப்பிய சுவர், சுமார் 600 மீட்டர். 2008இல் அதன்மேல் மின்கம்பி போட்டதும்தான் நாட்டுக்கே விசயம் தெரிந்தது. போராட்டத்துக்குப் பிறகு அந்த வருசம் மே 6ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் இடித்தது எவ்வளவு? 15 அடி. ஆள் போக, வண்டி போக ஒரு வழி. மிச்சத்தைத் தொடவில்லை.

இதைப் பற்றித் தோழர்களோடு எனக்குச் சண்டையே நடந்திருக்கிறது. ஒரு கல் மிச்சமில்லாமல் இடிக்கணும் என்பது அவர்கள் கட்சி. நான் கேட்டது வேறு. முழுக்க இடித்துவிட்டு, அம்பது வருசம் கழித்து 'இங்கே சுவரா? அப்படியெல்லாம் எங்க ஊர்ல ஒண்ணும் கெடையாதே' என்று சொல்வானே, அப்போது என்ன செய்வாய்? தென்னாப்பிரிக்காவில் மண்டேலாவை அடைத்து வைத்த ராபன் தீவுச் சிறையை இடிக்கவில்லை. 1999இல் உலகப் பாரம்பரியம் ஆக்கினார்கள். ஒரு தோழர் பதில் சொன்னார்: 'அங்க ஆட்சி கைமாறிடுச்சு தோழர். இங்க சுவர் கட்டினவன் இன்னும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான்.' அந்தப் பதிலின் கனம் எனக்குத் தெரியும். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் பக்கத்தில் மழையில் ஒரு சுற்றுச்சுவர் விழுந்து நம் சனங்கள் 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். சுவர் நம் தலைமேல் விழுகிற பொருளாக இருக்கும்வரை அது அருங்காட்சியகப் பொருள் அல்ல.

ஆனாலும் என் கட்சியை விடவில்லை. பாதையை மறிக்கிற சுவரை முழுக்க இடி. எதையும் மறிக்காத ஒரு பத்தடித் துண்டை மட்டும் நிறுத்து. அதில் எந்த வருசம், எதற்காகக் கட்டினார்கள், யார் போராடி இடிக்க வைத்தார்கள் என்று பலகை வை. பலகையில் என்ன எழுதுவது என்பதை அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தீர்மானிக்கட்டும். 1958 சட்டப்படி பார்த்தால் அதற்கு 2089இல்தான் நூறு வயசு ஆகும். அதுவரை யார் காத்துக்கிட்டு இருக்கிறது?

வெண்மணியில் வேறு விதம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை வைத்துக் கொளுத்திய குடிசை சாம்பலாகிவிட்டது. நினைவுச் சின்னம் எழுப்பி, வருசா வருசம் சனம் கூடுகிறது. அந்தக் குடிசையை அப்படியே மறுபடி கட்டிக் காட்ட வேண்டும் என்று ஆர்வத்தில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். வேண்டாம் தோழர்களே. ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று வெனிஸ் சாசனம் சொல்கிறது. இந்த ஒரு விசயத்தில் ஐரோப்பியர்கள் பக்கம்தான் நான். பொய்க்குடிசை சாட்சி சொல்லாது. காலி இடம் சொல்லும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பாதுகாப்பு என்பதே ஏழைகளை விரட்டுகிற ஆயுதமாகவும் வரும். 2010 திருத்தத்துக்குப் பிறகு, மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அம்பியில் 2011இல் பழைய கடைத்தெரு மண்டபங்களிலும் அதையொட்டியும் குடியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்களின் வீட்டையும் கடையையும் புல்டோசர் வைத்துத் தள்ளினார்கள். மண்டபம் காப்பாற்றப்பட்டது. அதனால் நம் சேரிகளைச் 'சின்னம்' ஆக்கு என்று அரசாங்கத்திடம் மனுக் கொடுக்க நான் சொல்லவில்லை. கொடுத்தால் முதலில் நம்மைத்தான் காலி பண்ணுவான்.

அப்ப என்ன செய்யலாம்? கான்கிரீட் வீடு வேண்டும் என்பது நம் கோரிக்கை, அதில் மாற்றமில்லை. பாரம்பரியம் என்று சொல்லி எவனும் நம்மைக் கீத்துக்கொட்டாயில் உட்கார வைக்க முடியாது. 2024இல் அரசு 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. நல்லது, வரட்டும். ஆனால் குடிசை பிரிகிற அன்றைக்கு யாராவது அதை அளந்து வைத்தார்களா? கட்டடக்கலை படிக்கிற நம் பிள்ளைகள் காரைக்குடி வீட்டை அளக்கிறார்கள், அக்கிரகாரத்தை அளக்கிறார்கள், கல்லூரி அனுப்புகிறது. இந்தத் தை மாச விடுமுறைக்கு உங்க தெருவை அளங்க. நிலை எவ்வளவு உயரம், ஏன் குனிந்து போக வேண்டியிருந்தது? சேரிக்கிணறு எங்கே, ஊர்க்கிணறு எங்கே, ரெண்டுக்கும் எத்தனை அடி? எந்த இடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்? டீக்கடையில் தனிக் கிளாசு மாட்டியிருந்த ஆணி எந்தச் சுவரில்? கிழவிகளைக் கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள். காட்டின இடத்தைப் படத்தில் குறியுங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் போட்டு ஒரு படி இங்கே அனுப்புங்கள். இடமிருக்கிறவரை அச்சில் போடுவோம்.