வயலும் ஒரு வேலைத்தலமே

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களைப் பற்றிய கூட்டங்களில் கூரைத் தகரம், குடிநீர், விதைநெல், காணி உறுதி என்பன பேசப்படுகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் எம்மவர் பொழுதுபடும்போது கைகால் சுகத்தோடு வீடு திரும்புவார்களா என்ற கேள்வி அங்கே எழுவது அரிது. காணியும் மாடும் கிணறும் கைவிட்டுப் போன குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் முதல் உடல் ஒன்றுதான். அந்த முதலும் போய்விட்டால் எந்த நிவாரணம் அதை ஈடுசெய்யும்?

வேலைத்தலப் பாதுகாப்பு என்றதும் இயந்திரங்கள் ஓடும் தொழிற்சாலையே எம் கண்முன் வருகிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சுழலும் இயந்திரத்துக்கு மறைப்புப் போடச் சொல்கிறது. அதிகாரிகள் சென்று பரிசோதிக்கவும் இடம் வைத்திருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலைக்கான சட்டம். வெங்காயத் தோட்டத்துக்கும் நெல்வயலுக்கும் சுவரும் இல்லை, வாசலும் இல்லை, பரிசோதிக்க வருவோரும் இல்லை. அங்கே ஒருவர் இறந்தால் "அவரின்ரை விதி" என்கிறார்கள். காயப்பட்டால் "கொஞ்சம் கவனமாய் இருந்திருக்கலாம்" என்கிறார்கள். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

இந்த இரண்டு பேச்சையும் நாம் ஏற்பதற்கில்லை. தோட்டத்திலும் வயலிலும் நேரும் விபத்துக்களிற் பெரும்பாலானவை முன்னரே கண்டுகொள்ளக்கூடியவை. கண்டுகொண்டால் அவற்றை அகற்றவும் முடியும். "கவனமாய் இரு" என்ற புத்திமதி மட்டும் ஒருவரையும் காப்பாற்றாது.

தெரியாத மண்

சொந்த ஊரில் எந்த வரம்பில் புற்று இருக்கிறது, எந்தக் கிணற்றின் கட்டு இடிந்திருக்கிறது, எந்த ஒழுங்கையில் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்பதெல்லாம் எமக்குத் தெரியும். அது பாட்டன் பூட்டன் காலத்து அறிவு. இடம்பெயரும்போது காணியோடு அந்த அறிவையும் விட்டுவிட்டே வருகிறோம். புதிய ஊரில் பிறர் காணிக்குக் கூலிக்குப் போகும்போது எமக்கு மண்வெட்டி தெரியும், மண் தெரியாது.

வன்னிப் பகுதியில் காட்டோரமாக உள்ள தோட்டங்களில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைப்பவர்கள் உண்டு. சட்டத்துக்கு மாறாக வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேரே கொடுப்பவர்களும் உண்டு. ஊரவர் அந்த இடத்தை அறிந்து ஒதுங்கிப் போவார்கள். புதிதாக வந்தவரே விறகுக்கோ மாடு தேடியோ போய் அதில் மாட்டிக்கொள்கிறார். ஆகவே புதிய காணியில் கால் வைக்குமுன் கேட்பது வெட்கமல்ல. "இங்கே துவக்குக் கட்டியிருக்கிறதா? கம்பியில் கறன்ட் போகிறதா? பாழ்கிணறு எங்கே?" என்ற மூன்று கேள்விகளும் வேலையின் ஒரு பகுதி.

மீண்ட காணி

சொந்தக் காணிக்கு மீள்பவருக்கும் இதே நிலைதான். போர் 2009இல் முடிந்தது. ஆனால் பத்து, இருபது வருடம் பற்றை மூடிக் கிடந்த காணி நாம் விட்டுவந்த காணியல்ல. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடிகள் ஒவ்வொரு அடியாக, கையால் அகற்றப்பட்டன. எனினும் கமக்காரர் அறியவேண்டிய ஒன்று உண்டு. கண்ணிவெடி அகற்றுவோர் ஒரு குறித்த ஆழம் வரைக்குமே நிலத்தைச் சோதித்துக் கையளிக்கின்றனர். கச்சான் போடக் கொத்துவதும் கிணறு வெட்டுவதும் ஒன்றல்ல. ஆழ உழுவதற்கும், வாழைக்கிடங்கு, மலசலகூடக் குழி வெட்டுவதற்கும் முன்னர் எந்த ஆழம் வரை சோதிக்கப்பட்டது என்று கிராம அலுவலர் மூலம் கேட்டறிய வேண்டும்.

இன்னொன்று நெருப்பு. பற்றையை வெட்டிக் குவித்துக் கொளுத்துவது எமது பழக்கம். கையளிக்கப்படாத காணியிலும், பதுங்குகுழி இருந்த இடத்திலும் நெருப்பு வைத்தால் மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், மண்வெட்டியால் தட்டாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு அறிவிக்க வேண்டும். பழைய இரும்புக்குக் கிடைக்கும் காசு ஒரு கையின் விலையல்ல.

கிணற்றுக்குள் இருக்கும் எமன்

வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் கீழே போனதும் மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து இறைப்பதுண்டு. இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். இயந்திரம் நின்றதேன் என்று பார்க்க இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் தம்பியும், தம்பியைத் தூக்க இறங்கும் அயலவரும் அடுத்தடுத்து விழுவார்கள். ஒரு கிணற்றில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான்.

விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று முன்னோர் சொன்னதுண்டு. பிராணவாயு குறைந்த கிணற்றில் விளக்கு அணையும் என்பது உண்மையே. ஆனால் இயந்திரப் புகையின் நஞ்சு ஆளைக் கொல்லும் அளவு இருக்கும்போதும் விளக்கு அணையாமல் எரியும். எனவே விளக்கை நம்பி இறங்கக்கூடாது. எண்ணெயில் ஓடும் இயந்திரத்தை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் வைக்கக்கூடாது என்பதே உறுதியான வழி. மேலிருந்து எட்டாத ஆழமாயின் நீரில் மூழ்கும் மின்பம்பிதான் அதற்கு வேண்டும். காசில்லாவிடில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். கிணறு துப்புரவாக்க இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவராவது நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் மேலிருந்து கயிற்றால் இழுப்பதே உதவி. பின்னால் குதிப்பது இன்னொரு சாவு.

"மருந்து" என்ற பெயர்

பயிருக்கு அடிக்கும் நஞ்சை நாம் "மருந்து" என்கிறோம். அந்தப் பெயரே பாதி ஆபத்து. மருந்தென்றால் வீட்டுக்குள் வைக்கலாம், கையால் கலக்கலாம், போத்தலைக் கழுவித் தண்ணீர் வைக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒற்றை அறைக் கொட்டிலில் வாழும் குடும்பத்துக்கு அந்தப் போத்தலை வைக்க வேறிடமும் இல்லை. அரிசிப் பையும் நஞ்சுப் போத்தலும் பிள்ளைகளின் பாயும் ஒரே மூலையில் கிடக்கின்றன.

இவ்விடத்தில் இந்நாட்டின் அனுபவமே எமக்குச் சான்று. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. அவற்றுட் பல பீடைநாசினியால் நேர்ந்தவை. புத்திமதிகள் சொல்லப்பட்டன, நிலைமை பெரிதும் மாறவில்லை. 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெதமிடோபொஸ் என்பனவும், 1998இல் என்டோசல்பானும் நிறுத்தப்பட்டன. 2008 தொடக்கம் 2011 வரை பரகுவாட், டைமெதோயேற், பென்தியோன் ஆகியன படிப்படியாக நிறுத்தப்பட்டன. 1995இன் பின் வந்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறக்குறைய 70 வீதத்தால் குறைந்தது. மனிதரின் துயரமும் அவசரக் கோபமும் மறைந்துவிடவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த கடும் நஞ்சே மறைந்தது. அதற்காக விளைச்சல் குறையவும் இல்லை. 2021இல் எல்லா இரசாயனங்களையும் ஒரே நாளில் நிறுத்தப் போய்ப் பயிர் படுத்தது வேறு விடயம். மிகக் கொடியதைத் தெரிந்தெடுத்து, அதற்கு மாற்று இருக்கும்போது அகற்றுவதே நாம் சொல்லும் வழி.

தோட்டத்துக்கும் இதே ஒழுங்குதான். பூச்சி இருக்கிறதா என்று பாராமல் கிழமைக் கணக்கில் அடிப்பதை நிறுத்தினால் ஆபத்தின் பாதி அங்கேயே போய்விடும். அடித்தே ஆகவேண்டுமாயின் குறைந்த நஞ்சுள்ளதைக் கேட்டு வாங்கலாம். வாங்கியதைப் பூட்டுள்ள பெட்டியில், சமையலுக்கும் படுக்கைக்கும் அப்பால் வைக்கலாம். ஒழுகும் தெளிகருவியை முதுகில் ஏற்றக்கூடாது. தண்ணீர் அள்ளிக் கலந்து கொடுக்கும் பெண்களும், அன்று மாலை அந்த உடுப்பைத் தோய்ப்பவரும் அதே நஞ்சைத் தொடுகிறார்கள் என்பதை மறக்கலாகாது. வேலை நடுவே மிகுந்த வியர்வை, வாயூறல், கண் மங்கல், வயிற்றுப் பிரட்டல், தசைத் துடிப்பு ஆகியவற்றில் ஏதும் தோன்றினால் உடனே நிறுத்தி, உடுப்பைக் களைந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலின் சுட்டியோடு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சேறும் பாம்பும்

எலிக்காய்ச்சல் தெற்கின் நோய் என்று எண்ணியிருந்தோருக்கு 2024 டிசம்பர் ஒரு பாடம். வெள்ளத்தின் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் அக்காய்ச்சலால் உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து காலிலுள்ள கீறல் வழியே அது உடம்பில் ஏறுகிறது. வயலில் இறங்குவோருக்கான தடுப்புக் குளிசை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கிடைக்கும். கர்ப்பிணிகள் அதைச் சொல்லிக் கேட்டே நடக்க வேண்டும். சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலும் தசைநோவும் வந்தால் "வயல் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அரிவு வெட்டில் கண்ணாடிப் புடையன் கடிப்பது புதிதல்ல. கட்டுப்போட்டு இறுக்குவதும் கடிவாயைக் கீறுவதும் தீங்கையே கூட்டும். காலை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், விஷமுறிவு ஊசியுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போவதே உயிர் காக்கும். எந்த வைத்தியசாலை, எந்த வாகனம் என்பதை வெட்டுத் தொடங்குமுன்னரே முடிவுசெய்து வைப்பது நன்று.

கூலிக்காரர் எப்படி மறுப்பது?

இவ்வளவும் சரிதான், ஆனால் கூலிக்குப் போகிறவர் இவற்றையெல்லாம் கேட்க முடியுமா என்று வாசகர் வினவுவது எமக்குக் கேட்கிறது. "உந்த மெசின் ஒழுகுது, நான் அடிக்கமாட்டன்" என்று இன்று சொன்னால் நாளைக்கு வேறொருவரைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளின் சாப்பாடு அந்த நாட்கூலியில் நிற்கிறது. இது உண்மை. இதனாலேயே பாதுகாப்பைத் தனியாளின் தைரியத்தில் விடக்கூடாது என்கிறோம்.

ஒருவர் மறுத்தால் அவருக்கு வேலை போகும். ஊர் முழுவதும் ஒரே ஒழுங்கைச் சொன்னால் அது ஊர்வழக்கமாகும். கூலி எவ்வளவு, தேநீர் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அப்படி வந்த வழக்கங்களே. கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் குடியேற்றக் குழுவும் கூடி மூன்றே மூன்று ஒழுங்கை முதலில் நிலைநாட்டட்டும்: இயந்திரம் கிணற்றுக்குள் இறங்காது; ஒழுகும் தெளிகருவியோடும் சிறுபிள்ளைகளைக் கொண்டும் நஞ்சு அடிப்பதில்லை; குடிதண்ணீரும் கழுவ நீரும் சவர்க்காரமும் தோட்டக்காரர் தரவேண்டும். இவற்றால் தோட்டக்காரருக்குப் பெருஞ்செலவில்லை. அவருடைய பிள்ளையும் அதே கிணற்றில்தான் இறங்குகிறது.

அத்துடன் காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் அரை நாள் ஒதுக்கி, ஊரிற் பழையவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் பெண்களையும் அழைத்துக்கொண்டு காணிகளைச் சுற்றிப் பார்க்கலாம். கண்ட ஆபத்துக்களை ஒரு மட்டையில் வரைந்து பொது இடத்தில் தொங்கவிடலாம். ஒவ்வொன்றுக்கும் வரிசையாகக் கேட்போம். இதை அகற்ற முடியுமா? முடியாவிடில் ஆபத்துக் குறைந்த ஒன்றை வைக்க முடியுமா? அதுவும் முடியாவிடில் வேலி போட்டு மறிக்க முடியுமா? இவை மூன்றும் இயலாதபோதே கையுறையும் சப்பாத்தும் முகமூடியும். பலர் கடைசியிலிருந்து தொடங்கி, கையுறை கொடுத்துப் படம் எடுத்ததோடு நின்றுவிடுகிறார்கள். உச்சி வெயிலில் அந்தக் கையுறை வரம்பில் கிடக்கும்.

இத்தனைக்குப் பிறகும் விபத்து நேர்ந்தால் மூடி மறைக்காதிருப்போம். வேலையாலும் வேலையின்போதும் காயப்பட்ட வேலையாளுக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழி வைத்துள்ளது. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாத கூலிக்காரருக்கு அந்த வழி எளிதில் திறப்பதில்லை. வைத்தியசாலையில் "வேலை செய்யும்போது நேர்ந்தது" என்று பதியச் சொல்வதும், யாருடைய காணி, எந்த நாள், பக்கத்தில் நின்றவர் யார் என்பதைக் கொப்பியில் எழுதி வைப்பதும், தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரிப்பதும் சிறிய காரியங்கள். அவை இல்லாமற் போனதால் எத்தனையோ விதவைகள் வெறுங்கையோடு நின்றிருக்கிறார்கள்.

உதவி நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். தெளிகருவியோ நீர்ப்பம்பியோ கொடுக்கும்போது அதனால் வரக்கூடிய ஆபத்தையும் கணக்கில் எடுங்கள். பம்பி கொடுத்தால் கிணற்றுக்கு வெளியே வைத்து இறைக்கப் போதிய குழாயையும் கொடுங்கள். காணியைக் கையளிக்கும்போது பாழ்கிணறுகளுக்குக் கட்டும் கட்டித் தாருங்கள்.

நிலத்தை இழந்தும் உழவை இழக்காத மக்கள் நாம். அந்த உழவு எம்மைக் கொல்லாதிருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல. வருகிற போகத்துக்கு விதைநெல்லைப் பற்றிக் கூடும் முதற் கூட்டத்திலேயே, பாழ்கிணறுகள் எத்தனை என்ற கேள்வியையும் யாராவது எழுப்பட்டும்.