கைதுக்கான காரணம் கைதானவருக்குப் புரிகிறதா? நீதிமன்றச் சொற்களில் தங்கியிருக்கும் உரிமைகள்

புதுடெல்லி: கைது செய்யப்படுபவருக்கு அதற்கான காரணங்களை அவர் அறிந்த மொழியில் எழுத்துப்பூர்வமாக வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. குற்றம் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாலும் இது பொருந்தும். உடனே எழுதித் தர இயலாத சூழலில் முதலில் வாய்மொழியாகத் தெரிவிக்கலாம். ஆனால், காவலில் வைக்க அனுமதி கோரி மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது அந்த ஆவணம் அவர் கையில் இருக்க வேண்டும். தவறினால் கைதும் அதைத் தொடர்ந்த காவலும் சட்டவிரோதமாகிவிடும்.

இது புதிய உரிமை அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 22(1)-ஆவது பிரிவு 1950 முதல் இதைத்தான் சொல்கிறது. 'தெரிவித்தல்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் வழக்குகள் எழுந்தன. மனைவியிடம் கைது குறித்த தகவலைச் சொல்லிவிட்டால் போதாது, கைதானவருக்கே காரணம் தெரிய வேண்டும் என 2025 பிப்ரவரியில் வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

'காரணம்' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. ஆங்கிலச் சட்ட வழக்கில் இரண்டு சொற்களால் பிரித்துக் காட்டப்படுபவை தமிழில் பெரும்பாலும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. 'சாட்சியங்களைக் கலைக்காமல் தடுக்க', 'முறையான விசாரணைக்காக' என்பவை எந்தக் கைதுக்கும் பொருந்தக்கூடிய பொதுக் காரணங்கள். குறிப்பிட்ட அந்த நபர் என்ன செய்தார் என்று காவல்துறை கருதுகிறது என்பதே கைதின் அடிப்படை. நியூஸ்கிளிக் நிறுவனர் பிரபீர் புர்கயஸ்தா வழக்கில் 2024 மே 15-ஆம் தேதி உச்சநீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. பொதுக் காரணங்கள் மட்டுமே அச்சிட்ட படிவம் போதாது எனக் கூறி, அவரது கைதையும் காவலையும் செல்லாதவை என அறிவித்தது. எதற்காகக் கைதானோம் என்று தெரியாதவரால் காவலை எதிர்க்கவோ ஜாமீன் கோரவோ முடியாது.

கைதுக்குப் பின் வரும் சொற்களும் இப்படியே. 'நீதிமன்றக் காவல்' என்றால் சிறை. 'போலீஸ் காவல்' என்றால் விசாரணை அதிகாரியின் பிடி. பின்னது மொத்தம் 15 நாட்களைத் தாண்டக் கூடாது. எனினும், 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவு, அந்த 15 நாட்களைக் குற்றத்தின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகக் கோரவும் இடமளிக்கிறது. சிறைக்கு அனுப்பப்பட்டவர் மீண்டும் காவல்துறையிடம் ஒப்படைக்கப்படலாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

'குற்றப்பத்திரிகை தாக்கல்' என்ற செய்தியைப் படிப்பவர்கள் பலர், குற்றம் உறுதியாகிவிட்டதாக எண்ணுகின்றனர். அது காவல்துறையின் இறுதி அறிக்கை மட்டுமே. அதைப் பரிசீலித்து நீதிமன்றம் 'குற்றச்சாட்டுப் பதிவு' செய்வது தனியான கட்டம். அதன் பிறகே சாட்சி விசாரணை. ஆனால் அறிக்கை தாக்கலாகும் தேதிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாட்களுக்குள்ளும் அது தாக்கலாகாவிட்டால், வழக்கின் தன்மை எதுவானாலும் ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. கோராமலே இருந்துவிட்டு அறிக்கை தாக்கலான பின் விழித்துக்கொண்டால் பயனில்லை. எனவே வழக்கறிஞர் வைக்க வசதியற்றவருக்கு இந்த உரிமையை நீதிமன்றமே நினைவூட்ட வேண்டும் என 2017-ஆம் ஆண்டு அசாம் வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. வாய்மொழிக் கோரிக்கையையும் அது ஏற்றது.

'போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்' என்ற தலைப்பு இன்றும் நாளிதழ்களில் இடம்பெறுகிறது. காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்துக்குச் சான்றாக நிறுவ முடியாது. அதன் விளைவாகக் கண்டெடுக்கப்படும் பொருள் தொடர்பான பகுதிக்கு மட்டுமே விலக்கு. தனக்கு எதிராகவே சாட்சியளிக்க எவரையும் கட்டாயப்படுத்த 20(3)-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. சட்டம் இவ்வளவு ஐயத்துடன் பார்க்கும் ஒன்றைத் தலைப்புச் செய்தியாக்கும்போது, விசாரணை தொடங்கும் முன்பே 'குற்றம் சாட்டப்பட்டவர்' வாசகர் மனத்தில் 'குற்றவாளி' ஆகிவிடுகிறார்.

நவம்பர் தீர்ப்பின் உண்மையான சோதனை காவல் நிலையங்களில்தான். திருப்பூரில் கைதாகும் ஒடிசா தொழிலாளிக்குத் தமிழில் எழுதிய தாளும், டெல்லியில் கைதாகும் தமிழருக்கு இந்தியில் எழுதிய தாளும் இனி போதாது. கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும் என்பதால், மொழிபெயர்ப்பாளரைத் தேடக் கிடைப்பது சில மணி நேரமே. அந்த முதல் நாளிலேயே இலவச வழக்கறிஞர் கோரும் உரிமை, வசதியற்ற ஒவ்வொருவருக்கும் உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100.