மட்டாஞ்சேரிக் கயிறும் எங்கள் சபைக் கமிட்டியும்

தன்பாலீர்ப்பு உள்ள ஒருத்தர் போதகராக இருக்கலாமா? அமெரிக்காவில் எங்கள் தமிழ்ச் சபையில் இப்போ ஓடிக்கிட்டு இருக்கிற சண்டை இதுதான். சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு லுத்தரன் கோயிலில் ஞாயிறு மதியம் வாடகைக்கு ஆராதனை நடத்துகிறோம். அந்தக் கோயிலுக்குப் புதுசா வந்த போதகருக்குத் துணையும் ஒரு ஆண். உடனே கமிட்டியில் பாதிப் பேர் "வேற இடம் பார்க்கணும்" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் எனக்கு உறுத்துவது வேத வசனம் இல்லை. வசனத்தை நம்பிப் பேசுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசலாம். "நம்ம ஊர்ச் சபை என்னைக்கும் மாறினதில்லை, வெள்ளைக்காரன்தான் மாத்திட்டான்" என்கிறார்களே, அதுதான்.

கொச்சி போகிறவர்கள் மட்டாஞ்சேரியில் யூதத் தெருவைப் பார்த்துவிட்டு, ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அங்கேயே கூனன் குருசுக் கோயில் இருக்கிறது. 1653 ஜனவரி 3-ல் தோமா கிறிஸ்தவர்கள் திரண்டு, போர்த்துக்கீசியப் பேராயருக்கும் இயேசு சபைப் பாதிரியார்களுக்கும் இனி கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்த இடம். எல்லாரும் தொட முடியாததால் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்தார்களாம், பாரத்தில் சிலுவையே சாய்ந்துவிட்டதாம். அதே வருஷம் ஆலங்காட்டில் பன்னிரண்டு பாதிரியார்கள் சேர்ந்து அர்ச்சிதியாக்கோன் தோமாவின் தலையில் கை வைத்து அவரை ஆயராக்கினார்கள். இது செல்லுமா என்று அப்பவும் பெரிய ரகளை. சபையே உடைந்தது, பிரிவினை இன்னைக்கும் இருக்கு.

அது அதிகாரச் சண்டை, இது பாவம் பற்றிய கேள்வி, இரண்டும் ஒண்ணா என்று கேட்பீர்கள். ஒண்ணு இல்லைதான். ஆனா யார் பீடத்தில் நிற்கலாம் என்பதை நம்ம ஆட்கள் சண்டை போட்டு, உடைந்து, மாற்றி மாற்றித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானப்போ, ஆயர் கை வைக்காமல் குருப்பட்டம் பெற்றவர்களை ஏற்க மாட்டோம் என்று நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்கள் சேராமல் ஒதுங்கினார்கள், ரொம்ப நாள் கழித்தே வந்தார்கள். 1976-ல் அந்தத் திருச்சபை ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-ல் அதன் முதல் பெண் பேராயரானார் புஷ்பலலிதா. எந்தப் பேராயத்துக்குன்னு நினைக்கிறீங்க? அதே நந்தியாலுக்கு!

தன்பாலீர்ப்பு விஷயத்தில் நம்ம ஊர்ச் சபைகள் அந்த இடத்துக்கு வரலை, உண்மைதான். இங்கே லுத்தரன் சபை 2009 ஆகஸ்டில் மினியாபொலிஸில் ஓட்டெடுத்தது. ஆதரவு 559, எதிர்ப்பு 451. அதற்கு முன்னால் அங்கே இருந்த விதி என்ன தெரியுமா? தன்பாலீர்ப்பு உள்ளவர் போதகராக இருக்கலாம், துணை மட்டும் இருக்கக் கூடாது. அதாவது வாழ்க்கை முழுக்கத் தனியா இரு, இல்லைன்னா வாயைத் திறக்காதே. மறைத்தவர் பிரசங்கம் பண்ணினார், உண்மையைச் சொன்னவர் வேலையை இழந்தார். ஓட்டெடுப்புக்குப் பிறகும் இப்படிப்பட்ட போதகரைக் கூப்பிட்டே ஆகணும் என்று எந்தச் சபையையும் கட்டாயப்படுத்தவில்லை. எங்களையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாங்கள் வாடகைக்காரர்கள், அவ்வளவுதான். அவர் எங்களுக்குத் திருவிருந்து கொடுக்கப் போறதில்லை. சாவி கொடுப்பார், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வைப்பார்.

கமிட்டி பேசும்போது பின்வரிசையில் கீபோர்டு வாசிக்கிற, புரொஜெக்டர் பார்த்துக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். தமிழ் சரியா புரியாதுன்னு பெரியவங்க நினைப்பு. எல்லாம் புரியுது. நாற்பது பிள்ளைகளில் ஒண்ணு ரெண்டாவது அப்படி இருக்காதா? அந்தப் பிள்ளை அன்னைக்கு என்ன கேட்டுக்கிட்டுப் போகும்? இதைக் கேட்டப்போ அண்ணாச்சி ஒருத்தர், "நம்ம பிள்ளைங்க அப்படி இல்லப்பா" என்றார்.

அடுத்த மாசம் ஓட்டெடுப்பு. நான் இங்கேயே இருக்கலாம் என்று கை தூக்கப் போகிறேன். வீட்டம்மாவும்தான்.