கரைக்க வேண்டாத கட்டி

மாஸ்டர் ஹெல்த் செக்கப் போகிறார்கள். ஸ்கேன் தாளில் ‘கல்லீரலின் வலப்பக்கம் 3 செ.மீ. நீர்க்கட்டி’ என்று ஒரு வரி. அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ‘கட்டியை விட்டுவைத்தால் புற்றாகிவிடும், எடுத்துவிடு’ என்பார் ஒருவர். ‘கத்தியே வேண்டாம், ஒரு மண்டலம் கீழாநெல்லி குடி, கரைந்துவிடும்’ என்பார் இன்னொருவர். சண்டை போடும் இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: கட்டி போயே ஆக வேண்டும். அந்த நம்பிக்கைதான் தப்பு.

கல்லீரலில் பெரும்பாலும் தென்படுவது சாதா நீர்க்கட்டி. பெண்களுக்கு, அதுவும் நடுவயதுக்கு மேல், அதிகம். அது புற்றாக அநேகமாக மாறுவதே இல்லை. தொந்தரவு தராத சாதா கட்டியை மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கக்கூட வேண்டாம் என்கிறது, ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

‘கஷாயம் குடித்தேன், 32 மி.மீ. 29 ஆகிவிட்டது’ என்று தாளை நீட்டுகிறவர்கள் உண்டு. ஸ்கேன் கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே அந்த 3 மி.மீ. கூடும், குறையும். நீரைச் சுரப்பது பையின் உட்தோல். ஊசியால் முழுக்க உறிஞ்சி எடுத்தாலும், அந்தத் தோல் இருக்கும்வரை பை திரும்ப நிரம்பும். கஷாயம் அதை என்ன செய்துவிடும்?

கட்டி பெருத்து, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு அடைத்தால், விலாவுக்குக் கீழே வலித்தால், சிகிச்சை வேண்டும்தான். நீரை எடுத்துவிட்டு ஆல்கஹால் செலுத்தி உட்தோலைச் சாகடிப்பார்கள். இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பியில் பையின் மேற்கூரையை வெட்டித் திறந்துவிடுவார்கள்.

பயப்பட வேண்டிய கட்டி வேறு. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் போய் உண்டாக்கும் ஹைடாடிட் கட்டி அது. வகை தெரியாமல் ஊசியால் குத்தினால், கசியும் நீரால் வரும் ஒவ்வாமை உயிரையே பறிக்கலாம். புழுவும் வயிற்றுக்குள் பரவலாம். கட்டியின் நிலையைப் பார்த்து அல்பெண்டசோல் மாத்திரை, மருந்துக் காப்போடு ஊசி, அறுவை என்று முடிவெடுப்பார்கள். அதிலும், புழு செத்துச் சுண்ணாம்பேறிய கட்டியைச் சிகிச்சையின்றிக் கண்காணிப்பதே முறை. சுவர் தடித்து, உள்ளே தடுப்புகளோடு தெரியும் கட்டியையும் விடாமல் ஆராய வேண்டும். சிகிச்சை தேவைப்படும் இந்த நோயாளிகளைத்தான் கட்டியைக் கரைப்பதாகச் சொல்லும் வியாபாரம் மாதக்கணக்கில் காக்கவைக்கிறது. சாதா கட்டிக்காரருக்குப் பணம் நஷ்டம்.

ஸ்கேன் தாளோடு மருத்துவரிடம் போனால், ‘இதை எப்படிக் கரைப்பது’ என்று கேட்காதீர்கள். ‘இது எந்த வகைக் கட்டி, இதனால் எனக்கு என்ன தொந்தரவு’ என்று கேளுங்கள். ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று அவர் சொன்னால், கொடுத்த ஃபீஸ் வீண் என்று முணுமுணுக்காமல் வீட்டுக்குப் போங்கள்.