தாய் அறியுமுன்

சிசுவுக்கு மூளை தோன்றத் தொடங்குவது கருத்தரித்த மூன்றாவது வாரத்திலேயே. கருவின் முதுகுப்புறத்தில் தட்டையாக ஓர் ஏடு தோன்றி, அதன் இரு விளிம்புகளும் எழும்பி, வளைந்து, ஒன்றுகூடிக் குழாயாகின்றன. குழாயின் மேற்பாகம் மூளையாகிறது, எஞ்சியது தண்டுவடமாகிறது. 28 நாட்களுக்குள் குழாய் மூடியாக வேண்டும். மூடாவிடில் ஊனமோ மரணமோ நேரிடக்கூடும். தாய்க்கோ, தான் கர்ப்பவதி என்பதே அப்போது பெரும்பாலும் தெரியாது!

பம்பாயில் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்த லூஸி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டர், அதைத் தீர்க்கும் சத்தொன்று ஈஸ்ட் சாரத்தில் இருப்பதை 1931-ல் வெளியிட்டார். பிற்பாடு போலிக் அமிலம் எனப் பெயர் பெற்ற அதுவே இவ்வூனத்தையும் பெருமளவு தடுக்கிறதென 1991-ல் பிரிட்டிஷ் பரிசோதனையொன்று நிரூபித்தது. ஆனால் கருத்தரிக்குமுன்பே அதை உட்கொள்ளத் தொடங்க வேண்டும். வளைகாப்பில் காட்டும் சிரத்தையில் சிறிதை விவாகத்தின்போதே நமது குடும்பங்கள் காட்டலாகாதா என்று கேட்கிறோம்.