கட்டு மாற்றும் நேரமும் நெடிய இரவும்

வார்டுச் சுற்றின்போது, மருந்தைப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படுவது கைபேசியைப் பற்றிய கேள்வியே. "எந்நேரமும் போன்ல கேமுதான் சார். ஒரு புத்தகத்தத் தொடுறானா? நீங்களாச்சும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று தாய்மார் முறையிடுகின்றனர். படுக்கையில் இருக்கும் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவ்வேளையில் எங்களிடமிருந்து எதிர்பார்க்கப்படுவது மருத்துவக் கருத்தன்று, ஒரு தீர்ப்பு. நாவல் உயர்ந்தது, வீடியோ விளையாட்டு தாழ்ந்தது என்னும் தீர்ப்பு. மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் அத்தீர்ப்பை வழங்க விரும்புவதில்லை. அதற்கான காரணத்தையும், அதற்கு மாறாக நாங்கள் சொல்ல விரும்புவதையும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கருத்து சுருக்கமானது. மகிழ்ச்சிக்காக நாவல் படிப்பதும், மகிழ்ச்சிக்காக விளையாடுவதும் நோயாளிக்கு உரியவையே. ஆயினும் இரண்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. வலி உச்சத்தில் நிற்கும் குறுகிய நேரத்துக்கு விளையாட்டு பொருந்தும். உறக்கம் வராத இரவுக்கும், வாரக்கணக்கில் நீளும் படுக்கை வாழ்வுக்கும் நாவல் பொருந்தும். எது மேலானது என்று வாதிடுவதைவிட, எது எந்த நேரத்துக்கு உரியது என்று அறிவதே குடும்பத்தாருக்குப் பயன் தரும்.

நாவல் இன்று பெற்றிருக்கும் மதிப்பு தொடக்கத்திலேயே அதற்கு வாய்த்ததன்று. தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் பெருகியபோது, இவை இளைஞரையும் பெண்களையும் கெடுத்துவிடும் என்று கற்றோர் பலர் கண்டித்தனர். அந்தக் காலத்து வாசிப்பைப் பற்றி ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். அன்று நாவலைக் குறித்து எழுந்த கவலையும் இன்று கைபேசி விளையாட்டைக் குறித்து எழும் கவலையும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவினர்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருத்தங்கலை ஒட்டியுள்ள சிவகாசியிலிருந்துதான் 1972இல் முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. பாடப்புத்தகத்துக்குள் அவற்றை மறைத்துவைத்துப் படித்துப் பிடிபட்டவர்கள் நம் ஊர்ப் பக்கத்தில் ஏராளம். அன்று படக்கதையைப் பறிகொடுத்த பிள்ளைகள் இன்று தந்தையராகி, "படக்கதையாவது படியேன்டா" என்று தம் பிள்ளைகளிடம் கெஞ்சுகின்றனர். ஒரு பொழுதுபோக்கின் தகுதியைத் தலைமுறைகள் மாற்றி மாற்றி எழுதிக்கொள்கின்றன. ஆகவே தகுதியை ஒருபுறம் வைத்துவிட்டு, அது உடலுக்கும் மனத்துக்கும் என்ன செய்கிறது என்பதையே மருத்துவர் பார்க்க வேண்டும்.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். தீக்காயத்தை அறிந்த ஊர் இது. காயம் பட்ட கணத்தைவிட, பின்னர் நாள்தோறும் கட்டைப் பிரித்து, கழுவி, மீண்டும் கட்டும் நேரமே கொடியது என்று நோயாளர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் ஆகியோர் இந்த நேரத்துக்கென்றே ஒரு வழியைத் தேடினர். தலையில் அணியும் திரைக்குள் ஒரு கற்பனை உலகைக் காட்டி, நோயாளியை அதில் ஈடுபடுத்தினர். கடுந்தீக்காயமுற்ற இரு பதின்பருவத்தினரைப் பற்றிய அவர்களின் அறிக்கை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான வீடியோ விளையாட்டை ஆடியபோது இருந்ததைக் காட்டிலும், அக்கற்பனை உலகில் இருந்தபோது அவ்விருவருக்கும் வலி குறைவாக இருந்தது. பின்னர் அவர்கள் உருவாக்கிய 'ஸ்னோ வேர்ல்ட்' என்னும் விளையாட்டில், நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனியுருண்டைகளை எறிவார். வெளியே செவிலியர் புண்ணைக் கழுவிக்கொண்டிருப்பார்.

இது மாயமன்று. வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும். கவனத்தை வேறொன்று முழுமையாகப் பற்றிக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது குறைவு. கண்ணும் கையும் ஒருசேர உழைக்க வேண்டியிருப்பதாலும், நொடிக்கு நொடி விடை கேட்பதாலும், விளையாட்டு கவனத்தை இறுகப் பற்றுகிறது. அத்தகைய கருவி இல்லாத இடத்தில், சிறுவனுக்குப் பழகிய கைபேசி விளையாட்டும் ஓரளவு துணை நிற்கும். ஆனால் அது வலிநிவாரணிக்கு மாற்றன்று, துணை மட்டுமே. மருந்து கொடுத்து, அது வேலை செய்யும் நேரம் பார்த்துக் கட்டைப் பிரிப்பதே முறை. கை வெந்திருப்பின் ஆட்டத்தை உடனிருப்போர் ஆட, நோயாளி பார்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் திரையில் விட்டுவிட்டு மின்னும் ஒளி ஊறு செய்யக்கூடும் என்பதால், அவர்கள் எங்களைக் கேட்டபின்னரே ஆட வேண்டும்.

விளையாட்டின் பெருமையை மிகைப்படுத்தவும் கூடாது. பக்கவாதத்தால் கை தளர்ந்தோருக்கு, கையசைவால் இயங்கும் வீ என்னும் வீடியோ விளையாட்டுக் கருவி எந்த அளவு உதவும் என்று நான்கு நாடுகளில் 141 பேரிடம் ஆராய்ந்தனர். அதன் முடிவு 2016இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் அக்கருவியில் ஆடினர். மறு பிரிவினர் சீட்டாட்டம், டாமினோ, பந்து போன்ற எளிய ஆட்டங்களை ஆடினர். வழக்கமான பயிற்சியும் இரு பிரிவினருக்கும் உண்டு. இரு பிரிவினரின் கையும் தேறியது. ஒன்றைவிட மற்றொன்று மேலென்று காணப்படவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்தும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. தாயக்கட்டையும் பல்லாங்குழியும் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கின்றன. அவற்றோடு எதிரே உட்கார்ந்து ஆட ஒருவர் வேண்டும்.

இனி, நாங்கள் அஞ்சும் பக்கத்தைச் சொல்ல வேண்டும். நாவலுக்கு இறுதிப் பக்கம் உண்டு. கைபேசி விளையாட்டுகள் பலவற்றுக்கு அது இல்லை. ஆடுபவர் எழுந்து போகாதிருக்கவே அவை அமைக்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தின்மீது கட்டுப்பாடு இழத்தல், மற்றெல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், கேடு விளைந்தபின்னும் விடாது தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக இந்நிலை ஓராண்டேனும் நீடித்திருக்க வேண்டும். எனவே, கால் முறிந்து இரு வாரமாகப் படுத்திருக்கும் சிறுவன் பகலெல்லாம் ஆடுகிறான் என்பதாலேயே அவனை அடிமை என்று அழைத்தல் தகாது. அவனுக்கு வேறு வேலை இல்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

பணம் வைத்து ஆடும் ஆட்டம் முற்றிலும் வேறு. அதை விளையாட்டின் கணக்கில் சேர்க்க நாங்கள் உடன்படோம். நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்கென்று கொணர்ந்த பணம், தாழ்வாரத்தில் விழித்திருக்கும் ஒருவரின் கைபேசி வழியே ஓரிரவில் கரைந்துவிடக்கூடும். கவலையும் உறக்கமின்மையும் தனிமையும் கூடியிருக்கும் மருத்துவமனை இரவு, அந்த ஆட்டத்துக்கு மிகவும் இடங்கொடுக்கும் நேரம். தமிழ்நாடு 2023இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. பண விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்னும் விதி 2025இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. சட்டம் எதுவாயினும், இந்தப் பழக்கம் பற்றிக்கொண்டதாக உணர்வோர் வெட்கப்படாமல் எங்களிடம் கூறலாம். 14416 என்னும் டெலி மானஸ் இலவச எண்ணிலும் பேசலாம்.

அந்த நெடிய இரவுக்கு நாவலையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். புத்தகம் ஆயுளை நீட்டும் என்று உறுதி கூறவில்லை. புத்தகம் படிப்போர் சற்று நெடுநாள் வாழ்ந்தனர் என்று 3,635 அமெரிக்க முதியோரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016இல் கூறிற்று. ஆயினும் புத்தகமே அதற்குக் காரணம் என்று அதனால் நிறுவ இயலாது. இலக்கியப் புனைகதை பிறர் மனத்தை அறியும் திறனை உடனே வளர்க்கும் என்று 2013இல் சயன்ஸ் இதழில் வந்த முடிவு, பிறர் மீண்டும் சோதித்தபோது நிலைபெறவில்லை. ஆதலால் நாவலை மாத்திரைபோல் எழுதிக்கொடுக்க மாட்டோம். எங்கள் காரணங்கள் எளியவை. அத்தியாயம் முடியும் இடத்தில் நாவல் நம்மை விட்டுவிடுகிறது. செவிலியர் வந்து ஊசி போட்டுச் சென்றபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எதையும் இழந்திருக்க மாட்டோம். அது முகத்தின்மீது ஒளி பாய்ச்சுவதில்லை. உறக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பது எங்கள் துறையில் நன்கறிந்த உண்மை. விறுவிறுப்பான மர்ம நாவலும் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு காரணமே எங்களுக்கு முதன்மையானது. நாவலை ஒருவர் படிக்க மற்றொருவர் கேட்கலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டதை நம் பாட்டிமார் பலர் சொல்லியிருக்கின்றனர். கையில் கட்டுள்ளவருக்கும், கண் மங்கியவருக்கும், பள்ளிக்குச் செல்ல வாய்ப்பின்றித் தீப்பெட்டி ஒட்டிய கைகளுக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. எழுத்தறியாமை வெட்கத்துக்குரியதன்று. இன்னொருவர் குரலில் கேட்ட கதையும் படித்த கதையே. படிப்பதற்கும் நம் கரிசல் மண்ணிலேயே நிறைய இருக்கிறது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', பூமணியின் 'அஞ்ஞாடி', மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' ஆகியவற்றில் நம் ஊரின் வெயிலும் பேச்சும் வருகின்றன. நாவல் கனமென்றால் படக்கதை போதும். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பூண்டவனே முத்து காமிக்ஸின் முதல் நாயகனான இரும்புக்கை மாயாவி. விரல் இழந்த சிறுவனுக்கு, கையிழந்த ஒருவன் கதாநாயகனாக இருக்க முடியும் என்பதை எங்கள் அறிவுரையைவிட அக்கதை எளிதில் உணர்த்தும்.

படுக்கையில் நெடுநாள் இருப்பவருக்கு நோவதெல்லாம் புண் மட்டுமன்று. தம்மைப் பற்றிய பேச்சு முழுவதும் நோயாகவே மாறிவிட்டது என்பதும் நோகிறது. "இன்னைக்குக் காய்ச்சல் எவ்வளவு? மோஷன் போனீங்களா?" என்பவற்றைத் தவிர வேறு பேச்சில்லாத குடும்பத்துக்கு, "வந்தியத்தேவன் தப்பிச்சானா இல்லையா?" என்பது பெரும் விடுதலை. அதுபோலவே, "இந்த லெவல எப்படித் தாண்டுனே?" என்று மகனிடம் கேட்கும் தந்தையும் நோயைத் தவிர்த்த ஒரு பேச்சைத் தொடங்குகிறார். எங்கள் பார்வையில், ஒரு பொழுதுபோக்கு நன்றா தீதா என்று அறிய இதுவே உரைகல். அதை நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடிகிறதா? அதைப் பற்றி இன்னொருவரிடம் பேச முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நாங்கள் கவலைப்படுவதில்லை.

எனவே உடனிருப்போரிடம் சில வேண்டுகோள்கள். கட்டு மாற்றும் நேரத்திலும் வலிமிகுந்த பயிற்சியின்போதும் கைபேசியைப் பிடுங்காதீர்கள். அதன் மின்னேற்றத்தை முன்னதாகவே பார்த்துவையுங்கள். இரவு உணவுக்குப்பின் அதை ஒதுக்கிவைத்து, அரைமணி நேரம் எதையேனும் படித்துக் காட்டுங்கள். பக்கத்துப் படுக்கைக்குத் தொல்லையாகாத குரலில் படித்தால் போதும். பெரும்பாலும் அவர்களும் கேட்பார்கள். புத்தகத்தைத் தண்டனையாகக் கையில் திணிக்காதீர்கள். முன்பு விரும்பிய கதையிலும் ஆட்டத்திலும் ஒருங்கே நாட்டமிழந்து, இரு வாரமாகச் சுவரைப் பார்த்தபடியே ஒருவர் இருப்பாராயின், அதைச் சோம்பல் என்று விட்டுவிடாமல் உடனே எங்களிடம் கூறுங்கள். அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மகன் கைபேசியில் ஆடுவதைப் பற்றி முறையிடும் தாய்மாரைவிட, "இப்ப ஆடுறதும் இல்ல சார்" என்று தயங்கிச் சொல்லும் தாய்க்கே நாங்கள் விரைந்து செவி கொடுப்போம்.